போடாமல் விட்ட இரண்டாம் ஊசி

அன்புள்ள மேரிக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று. உன் சிபாரிசு தோற்றது, சம்பந்தி வீட்டுச் சிபாரிசு ஜெயித்தது. தங்கம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி எல்லாரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டார். மேட்ரனின் குடையை நினைத்துக்கொள், அதே அதட்டல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் போனில் கேட்டாளே, "ஆன்ட்டி, முஸ்லிம் நாடுகளோடு அமெரிக்கா எப்படி நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து நீ, "பின்லேடனைப் பிடிக்க என்ன செய்திருந்தாலும் தகும்" என்று முடித்துவிட்டாய். வைவாவில் என்னைக் கேட்ட கேள்விக்கும் நீதானே பதில் சொன்னாய்! கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

ஈராக், எண்ணெய், பாலஸ்தீனம் பற்றியெல்லாம் அவளுடைய பேராசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஊசியும் சொட்டு மருந்தும் சம்பந்தப்பட்டது.

2009 ஜூன் 4-ம் தேதி கெய்ரோவில் ஒபாமா பேசினார். முஸ்லிம் உலகத்தோடு புதிய தொடக்கம் வேண்டும் என்றார். ஈரானில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்குப் பங்கு இருந்ததை அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சில் அதிகம் பேர் கவனிக்காத ஓர் அறிவிப்பும் இருந்தது. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்போடு சேர்ந்து போலியோவை ஒழிக்கப் புதிய முயற்சி தொடங்குகிறோம் என்றார். அமெரிக்கா அப்படி வருவதாக இருந்தால் வரட்டும் என்று எனக்கு அன்று அவ்வளவு நிறைவாக இருந்தது.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2011 மார்ச்சில், அதே ஒபாமா ஆட்சியில், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., ஷகீல் அஃப்ரிதி என்ற பாகிஸ்தான் டாக்டரை வைத்து அபோட்டாபாத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்தியது. பின்லேடன் ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்த வீட்டுப் பிள்ளைகள் அவனுடையவர்கள்தானா என்று பார்க்க அவர்களின் மரபணு மாதிரியை எடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று முதலில் நவா ஷேர் என்ற ஏழைப் பகுதியில் தொடங்கினார்கள். அடுத்த மாதம் அங்கே இரண்டாவது ஊசி போட வேண்டிய நேரத்தில், நர்ஸ்களை அந்த வீடு இருந்த பிலால் டவுனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மேரி, இதை நீ நர்ஸாகப் படி. ஹெப்படைட்டிஸ் பி-க்கு எத்தனை தவணை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஒரு பிள்ளையின் அடுத்த தவணை தவறினால் அதன் வீட்டைத் தேடிக்கொண்டு போனவர்கள் நாம். அங்கே ஒரு பேட்டை முழுவதையும் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு செய்தும் அந்த மரபணு மாதிரி கிடைக்கவில்லை என்றுதான் செய்திகள் வந்தன.

ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. மறு வருடம் ஜூனில் பாகிஸ்தானின் வடக்கு வஜிரிஸ்தானில் தாலிபான் தளபதி ஹாஃபிஸ் குல் பகதூர், அமெரிக்காவின் ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை சொட்டு மருந்து கூடாது என்று தடை போட்டார். சொட்டு மருந்து என்ற பெயரில் உளவு பார்க்கிறார்கள் என்பதையும் காரணமாகச் சொன்னார். அந்த டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் வீடு வீடாகப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். நம்மைப் போலவே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் விரலில் மை வைக்கப் போன பெண்கள். பாகிஸ்தானில் 2012-ல் 58 பிள்ளைகளுக்குப் போலியோ. 2014-ல் 306. அதே 2014 மார்ச்சில்தான் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

சுட்டவர்கள் தாலிபான்கள். அந்தக் கொலைப்பாவத்தை வேறு யார் தலையிலும் நான் ஏற்ற மாட்டேன். சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி அங்கே 2011-க்கு முன்பே இருந்தது. ஆனால் வதந்தியோடு மல்லுக்கட்டுவது வேறு. "ஊசியோடு வருகிறவள் உளவாளி" என்று அவர்கள் சொன்னபோது, இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாமல் போயிற்றே, அதை அமெரிக்கா தன் கையால் செய்து கொடுத்தது.

இந்த வதந்தி நமக்குப் புதிதா? உத்தரப் பிரதேசத்திலும் இதே பேச்சுதான். எமர்ஜென்சி காலத்தில் ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்தது நம் அரசுதானே, மக்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? 2002-ல் நாட்டில் போலியோவால் பாதிக்கப்பட்ட 1,600 பேரில் பெரும்பாலோர் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஜாமியா மில்லியாக்காரர்களும் தெருவில் இறங்கினார்கள், பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். வருடக்கணக்காகப் பேசிப் பேசித்தான் கதவு திறந்தது. வாணியம்பாடியில் நானும் பார்த்திருக்கிறேன். தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியாள் யாரையும் உள்ளே விடாத வீட்டிலும் எனக்கு நாற்காலி போட்டார்கள். 2011 ஜனவரி 13, ஹவுரா, அதுதான் இந்தியாவில் போலியோ தாக்கிய கடைசிக் குழந்தை. இங்கே இப்படி முடிந்த இரண்டே மாதத்தில் அங்கே அந்த முகாம்.

பின்லேடன் செத்ததற்கு நான் வருந்தவில்லை. 2001 செப்டம்பர் 11-ல் கிட்டத்தட்ட 3,000 பேரைக் கொன்ற அன்றைக்கு, நியூ ஜெர்சியிலிருந்து நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவனைத் தேடியது சரி. தேடுவதற்கு எதைச் செலவழிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், அந்தத் தாய்மார்களின் நம்பிக்கையை ஒரு செலவாகவே எழுதவில்லை. நீ இப்போது இருக்கும் அட்லாண்டாவில், அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிறுவனமான சி.டி.சி. இருக்கிறது. போலியோ ஒழிப்பில் 1988-லிருந்து உழைக்கிற நிறுவனம். அவர்கள் கட்டியதை அதே அரசின் இன்னொரு கை இடித்தது. இந்த நாடுகளோடு அமெரிக்கா வைத்திருக்கும் உறவு முழுவதும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. பயங்கரவாதி ஒருவனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள், நடக்கிற தெருவில் குடியிருப்பவர்களைப் பார்ப்பதில்லை.

உன் மகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது. 2013 ஜனவரியில் அமெரிக்காவின் 12 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் தொண்டர்களை உளவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஏற்கெனவே தடை இருக்கிறதே, தடுப்பூசிக்கும் அதைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். 2014 மே மாதம் வெள்ளை மாளிகையிலிருந்து பதில் வந்தது, இனி சி.ஐ.ஏ. தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்தாது என்று. நல்லதுதான். ஆனால் அது ஓர் ஆலோசகர் கையெழுத்துப் போட்ட கடிதம். அடுத்து வருகிறவர் வேண்டாம் என்றால் போயிற்று. காங்கிரஸ் சட்டமாக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் போதாது, மருத்துவச்சிக்கும் கிணறு வெட்டுகிறவனுக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறவளுக்கும் சேர்த்து.

கோபத்தைவிட இப்போது பயம்தான் அதிகமாக இருக்கிறது, மேரி. பாகிஸ்தானில் போலியோ 2023-ல் 6 என்று இறங்கியது 2024-ல் 74 ஆகிவிட்டது. அடுத்த ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் உத்தரவில் ட்ரம்ப் கையெழுத்திட்டார். ஜூலையில், வெளிநாடுகளுக்கு உதவி கொடுக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. அமெரிக்கா இனி அந்தப் பக்கம் போர் விமானமாக மட்டும்தான் போகுமா? அங்கே இன்றைக்கும் போலீஸ் துணையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போகிறார்கள். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

உன் மகள் கட்டுரையில் இதை எழுதினால் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். எனக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல். நீ சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும், அதையும் முழுதாக எழுது, போனில் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்பதைச் சீக்கிரம் சொன்னால் தங்கம் அக்காவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தா