வண்டியை ஓட வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தேனி, போடி, பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் எல்லோரும் சேர்ந்து கோர்த்த பழைய பிக்கப்புக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்தது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) புது எஞ்சின் எண்ணும் ஏறிவிட்டது. போன வாரம் பூப்பாறைத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப்போன வண்டி, வரும்போது நண்பர் ஒருவருடைய ஏலக்காயையும் சுமந்துகொண்டு போடிக்கு இறங்கியது. வழியில் எங்கும் நிறுத்தி பானட்டைத் திறக்கவில்லை. இனியும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் இல்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். யார் யார் என்று எழுதிப் பார்த்தால் தேனியில் தொடங்கி கேரளா எல்லையைத் தாண்டிப் போகிறது. சரி, பொதுவாக ஒரு மடலே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு தோட்டத்து ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய மஹிந்திரா நாலு சக்கர இழுவை பிக்கப். சேஸிஸும் ஆக்சில்களும் மட்டும் தேறின. மற்றதையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கோர்த்தோம். எஞ்சின் அதே கம்பெனியின் 2,523 சி.சி. டி.ஐ. (சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பீச்சும்) டீசல். போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சிலிண்டரின் அகலத்தைவிட அதிகம் என்பதால் வேகத்துக்கு ஆசைப்படாது, ஆனால் குறைந்த சுற்றிலேயே நின்று இழுக்கும். ஏலத்தோட்டத்துப் பாதைக்கு அது போதும்.

ஸ்பானரும் பொறுமையும் கொஞ்சம் காசும் இருந்தால் ஒரு வண்டியைக் கோர்த்து நிறுத்திவிடலாம். ரோட்டில் அது என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் பழகிய காதும் கையும் வேண்டும். எனக்கு அவை இரவலாகக் கிடைத்தன.

முதலில் லேத்துப் பட்டறை அண்ணனுக்கு. வேகம் 55 கிலோமீட்டரைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு. 65-ல் டேஷ்போர்டில் கிடந்த சில்லறை இடம் மாறும். வீல் பேலன்ஸ் என்றார் ஒருவர், எஞ்சின் மவுண்டிங் என்றார் இன்னொருவர், கிளட்ச் பிளேட்டை மாற்று என்றும் ஒரு ஆலோசனை வந்தது. அண்ணன் எதுவும் ஊகிக்கவில்லை. "பின்னாடி ஷாஃப்ட்டைக் கழட்டி வெச்சுட்டு, ஃபோர் வீலைப் போட்டு முன்சக்கரத்துலயே ஓட்டிப் பாரு" என்றார். கியர்பெட்டியின் சுற்றைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் அந்த ஷாஃப்ட் இல்லாமல் முன் ஆக்சில் மட்டும் இழுத்தபோது அதே வேகத்தில் வண்டி சலனமில்லாமல் போனது. எஞ்சின், கிளட்ச், சக்கரம் எல்லாவற்றின் மேலும் இருந்த சந்தேகம் ஒரே ஓட்டத்தில் தீர்ந்துபோய், ஒற்றை இரும்புக் குழாயில் வந்து நின்றது.

அந்த ஷாஃப்ட்டை மேசையில் கிடத்தி, இரண்டு முனை ஜாயிண்ட்டிலும் இருந்த கிராஸ்களை (சிலுவைத் துண்டுகளை) தட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கம் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். இந்த முனையில் கிராஸைப் பிடிக்கும் இரண்டு காதுகளும் மேசைக்கு இணையாகப் படுத்திருந்தன. அந்த முனையின் காதுகள் சாய்ந்து நின்றன. சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்த பழைய ஷாஃப்ட் அது. நடுவில் வழுக்கிச் சேரும் பல்வரிசையை யாரோ எப்போதோ பல் தள்ளிக் கோர்த்திருக்கிறார்கள். ஜாயிண்ட் சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். மறுமுனை ஜாயிண்ட் அதற்கு நேர் எதிராகச் செய்தால்தான் ஆக்சிலுக்குச் சீரான சுற்று போய்ச்சேரும். காதுகள் நேராக இல்லாவிட்டால் அந்தக் கணக்கு கழியாமல், மிச்சமெல்லாம் ஓட்டுகிறவனின் முதுகெலும்புக்கு வரும். அண்ணன் காதுகளை நேராக்கிக் கோர்த்தார். இனி யார் கழற்றினாலும் தப்பாகச் சேர்க்காதபடி இரண்டு பக்கமும் எதிரெதிரே ஒரு பஞ்ச் குறி அடித்தார். அந்தக் குறிக்குத் தனியாக ஒரு நன்றி, அண்ணே.

ஏலக்காய்க் கடை மாமாவின் ஸ்பிரிங் தராசுக்கும் இங்கே இடம் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்து, பிரேக் பிடித்தால்தான் அடங்கும். பழைய ஜீப் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த வியாதிதான். முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் சக்கரம் திரும்புகிற கிங் பின் பேரிங்குகள் சும்மா சுழலக் கூடாது, கொஞ்சம் இறுக்கம் வேண்டும். அந்த இறுக்கத்தைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டியரிங் கம்பியைக் கழற்றிவிட்டு, தராசின் கொக்கியை ஸ்டியரிங் ஆர்மில் மாட்டி, எத்தனை கிலோ இழுத்தால் திரும்புகிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இடது பக்கம் தராசு முள் அசையவே இல்லை, அவ்வளவு தளர்வு. மாமா தானே முள்ளைப் படித்துச் சொன்னார். காயை எடை போடும் அதே கறார்.

டீசல் பம்ப் பாய்க்கு இரண்டு நன்றி பாக்கி. முதலாவது, காலையில் ஸ்டார்ட் ஆகாத நோய்க்கு. ராத்திரி நன்றாக இருந்த வண்டி விடிந்ததும் தள்ள நாலு பேரைக் கூப்பிடும். பாய் வந்து, டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயின் நடுவில் ஒரு ஜாண் அளவுக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை வெட்டிச் சேர்த்தார். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. எங்கேயோ காற்று இழுக்கிறது. டீசல் வெளியே ஒழுகாத இடத்தில்கூட, உறிஞ்சும் பக்கத்தில் காற்று உள்ளே போகும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் தலையில் இருந்த ஒரு செம்பு வாஷர்தான் குற்றவாளி.

இரண்டாவது, புகைக்கு. போடியில் சுத்தமாக ஓடிய எஞ்சின் மலைமேல் போடிமெட்டுக்கு மேலே பாரத்தோடு கறுப்பாகக் கக்கியது. பாய் விளக்கியது இப்போதும் நினைவில் இருக்கிறது: மேலே போகப்போகக் காற்று மெலிகிறது, போடிமெட்டு உயரத்தில் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இந்த எஞ்சினுக்கு அந்தக் குறையை ஈடுகட்ட வழியில்லை. பம்ப்போ கீழே ஊற்றிய அதே அளவு டீசலைத்தான் மேலேயும் ஊற்றும். எரியாத மிச்சம் கரியாக வெளியே வரும். "வண்டி எங்க வேலை செய்யப்போகுதோ அங்க வெச்சுத்தான் பம்ப்பை செட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, கடையை மூடிவிட்டுப் பூப்பாறை வரைக்கும் கூடவே வந்து, டீசல் அளவைக் குறைத்துக் கொடுத்தார். சமவெளியில் கொஞ்சம் சோம்பலாகத்தான் தெரிகிறது. இருக்கட்டும்.

ரேடியேட்டர் கடைத் தம்பி, மின்விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தகரத்தில் வளையக்கூடு செய்து மாட்டினான். அதற்குப் பிறகு டெம்பரேச்சர் முள் மேல் வளைவுகளிலும் பாதியைத் தாண்டவில்லை. வயரிங் செய்த பிள்ளைக்கும் டிங்கரிங் அண்ணனுக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்தவருக்கும் நன்றி. பெயின்டின் நிறத்தைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்.

இப்போது அய்யாவுக்கு வருகிறேன். அரசுப் பேருந்தில் மலைத்தடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். நாங்கள் எல்லோரும் வண்டி ஏறுமா என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும், "ஏறுறது கிடக்கட்டும், முதல்ல இறங்கிக் காட்டு" என்றார். வெறும் வண்டியில் ஏற்றிவிட்டு, மேலே கிளம்புவதற்கு முன் எஞ்சினை அணைக்கச் சொல்லி, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து இறுகியதும், அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெடல் லேசாக உள்ளே இறங்கியது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டியைப் போல பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் தனி வேக்குவம் பம்ப் உண்டு. பெடல் இறங்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். "நடுவுல எஞ்சின் நின்னா இது இருக்காது, கால் கல்லாட்டம் இருக்கும், பயப்படாம ரெண்டு காலால மிதி" என்பதையும் சொல்லிவைத்தார்.

இரண்டாவது கியரில் இறங்கினோம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, புலியூத்துப் பக்கம் மட்டும் "காலை எடு" என்று ஒருமுறை. மலையடிவாரத்தில் முந்தல் வந்ததும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குந்தி உள்ளங்கையை டிரம்முக்குக் கிட்டே கொண்டுபோனார். மூன்று டிரம்களும் ஒரே மாதிரி சூடு. இடது முன்சக்கரத்தில் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். டீக்கடைப் பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவர, அவனுக்கு ஒரு அதட்டல்: சூடேறிய டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தோம். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் சுற்றவில்லை. பிளீடரை (பிரேக் ஆயிலை வெளியேற்றும் திருகை) திறந்ததும் சொட்டு ஆயில் பீறிட்டு, சக்கரம் விடுபட்டது. பிரேக் ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) உள்ளுக்குள் வீங்கியிருந்தது. கால் மிதிக்கிற பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர அதற்குப் பலம் போதாது, ஷூ டிரம்மைக் கவ்விக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் பளபளவென்று புதுசு. புதுசு என்று சொல்லித்தான் விற்றார்கள். எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை, சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லியாயிற்று. ஆனால் பாரத்தோடு முதல்முறை இறங்கும்போது அந்த ஹோஸ் வண்டியில் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், அய்யா, உங்கள் உள்ளங்கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எடைமேடைக்காரர் கட்டணம் வாங்கவில்லை, ஆனால் வரிசையில் நின்ற லாரிக்காரர்களிடம் எங்களுக்காகத் திட்டு வாங்கினார். முன்சக்கரம் மட்டும் மேடையில், அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின்சக்கரம் மட்டும் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பாரத்துக்கு யூரியா மூட்டைகளை வைத்தோம். ஒவ்வொன்றும் 45 கிலோ என்பதால் கணக்கு சுலபம். மூட்டைகள் பின்னால் தள்ளி இருந்தால் முன் ஆக்சில் எடை இழந்து ஸ்டியரிங் காற்றில் பிடித்த மாதிரி ஆகிறது என்பதை மேடையின் எண்களே காட்டின. ஸ்டெப்னியை கேபினை ஒட்டி மாற்றியது அதனால்தான்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஓட்டும் ஜீப் டிரைவர்களுக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வது? ஃபோர் வீல் போட்டால் லிவர் திரும்ப வரவே இல்லை என்று புலம்பியதும், கியர்பெட்டியைப் பார்க்கவில்லை அவர்கள். ஒரு கயிற்றை எடுத்து நாலு டயரையும் சுற்றி அளந்தார்கள். முன்னது தேய்ந்தது, பின்னது புதியது. இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். சிறிய டயர் ஒரு தூரம், பெரிய டயர் ஒரு தூரம் என்று போக, அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டுக்குள் முறுக்கேறி லிவரைக் கவ்விக்கொள்கிறது. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி முறுக்கு விடுபட்டுவிடும், காய்ந்த தாரில் விடாது. "மாட்டிக்கிட்டா ரிவர்ஸ்ல கொஞ்சம் வா, தானா விழும்" என்றார்கள். அப்படியே விழுந்தது. நாலு டயரும் இப்போது ஒரே வயது.

வீட்டுக்காரம்மாவுக்கு. தேனி ரோட்டில் கிலோமீட்டர் கல் பார்த்து நேரம் எடுத்தவர் அவர்தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கல்லுக்குக் கல் 60 விநாடி ஆக வேண்டும். ஆனது 55. அதாவது நிஜத்தில் 65-க்கு மேல். ஸ்பீடோமீட்டரை ஓட்டும் பல்சக்கரம் வேறு கியர்பெட்டியுடையது என்று பிறகு தெரிந்தது. சூடு, புகை, சத்தம் என்று ஓட்டத்துக்கு ஓட்டம் அவர் நோட்டில் எழுதிவைத்ததைப் பார்த்துத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். ஓரத்தில் என் ஓட்டுதலைப் பற்றியும் சில குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சாருக்கும் நன்றி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றிக் கட்டுவதைப் பற்றிய 52-ஆவது பிரிவு என்ன சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டது என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே பொறுமையாகச் சொன்னார். அதனால்தான் எஞ்சினை அதே கம்பெனியில் தேடினோம், மாற்ற அனுமதி வாங்கினோம், பின்பெட்டியை ஆர்.சி.யில் உள்ள அளவை மீறாமல் கட்டினோம். இதே மாதிரி வண்டி கட்ட நினைக்கிற தம்பிகள் வெல்டிங் கடைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். கொட்டகையில் இன்னும் ஊரார் சாமான்கள் கிடக்கின்றன: மாமாவின் ஸ்பிரிங் தராசு, பாயின் நாசில் டெஸ்டர், அண்ணனின் இரண்டு ஜாக், யாருடையது என்றே தெரியாத ஒரு 19-ஆம் நம்பர் ரிங் ஸ்பானர். ஞாயிற்றுக்கிழமை வண்டியிலேயே கொண்டுவந்து தருகிறேன். ஸ்பானருக்கு உரிமை கோருகிறவர்கள் அதன் பிடியில் என்ன நிற டேப் சுற்றியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மாட்டுக்கொட்டகை மெக்கானிக்,
போடிநாயக்கனூர்