காப்பாளர் சான்று கேட்காமல் என் வங்கிக் கணக்கை நானே இயக்க ஆவன செய்யக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்குளம் வட்டத்தில், தக்கலையை அடுத்த சிற்றூரில் வசிக்கும் 19 வயதுப் பெண். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவள். சக்கர நாற்காலியில் செல்கிறேன், பேச்சு மெதுவாக வரும். வங்கிக் கிளைக்கு இருமுறை எழுதிக் கொடுத்தும் ஒரு வரிப் பதிலும் வராததால் தங்களிடம் முறையிடுகிறேன்.

1. எனக்கு 18 வயது நிறைந்ததும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வரவாகும் என் மைனர் கணக்கு முடக்கப்பட்டது. அதைத் திறக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி காப்பாளர் சான்று, அதாவது என் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் சான்று, வங்கியில் கேட்கிறார்கள். அச்சான்றை வழங்கும் உள்ளூர்க் குழுவுக்குத் தாங்களே தலைவர். ஒருவருக்குக் காப்பாளர் தேவையா என்பதையே குழு முதலில் ஆராய வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்ததே.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 13, எங்கள் பண விவகாரங்களை நாங்களே நடத்தும் உரிமையை உறுதி செய்கிறது.

3. ஒவ்வொரு முறையும் என்னை வங்கிக்கு அழைத்துவர என் தாயார் முந்திரி ஆலையில் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் அதுவும் இல்லை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மேசைக்கு அப்பால் இருப்பவர் என் முகத்தைப் பாராமல், "இவளுக்கு விவரம் உண்டா?" என்று தாயாரிடம் கேட்கிறார். நான் பதில் சொல்லத் தொடங்கி வாக்கியம் பாதி வருவதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிடுகிறார். கையெழுத்து ஒன்றுபோல் இல்லையாம். சரி, பெருவிரல் ரேகை வைக்கிறேன் என்றால் அதற்கும் காப்பாளர் வேண்டுமாம். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவள் நான். வாக்குச்சாவடியில் என் விரலில் மை வைக்க யாரும் காப்பாளரைக் கேட்கவில்லையே!

4. என் பேச்சின் இழுப்பை நான் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை; என் குரலே அதுதான். அதைக் கேட்க ஒருவருக்கு ஐந்து நிமிடப் பொறுமை இல்லை என்பதற்காக, வாழ்நாள் முழுவதும் எனக்குப் பதிலாகப் பேச ஓர் ஆளை நியமிப்பதா?

ஆகவே, காப்பாளர் சான்றை வலியுறுத்தாமல் கணக்கை என் பெயரிலேயே திறந்து தருமாறு அக்கிளைக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். ஐயம் இருப்பின் என்னை நேரில் அழையுங்கள். தாயார் வெளியே காத்திருப்பார். கேள்விகளை என்னிடமே கேளுங்கள் என்று மீண்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்
(கீழே கோணலாக இருப்பது என் கையெழுத்தே.)