பெரியப்பாவுக்கு: புட்டிப்பால் குட்டிகளை வெளியே விட்ட கதை

கோர், சவுத்லேண்ட், நியூசிலாந்து
நவம்பர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அங்கே மழை விட்டதா, பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் "ஏம்மா, ஆட்டுக்குட்டியை வீட்டுக்குள்ள வச்சுப் புட்டிப்பால் குடுக்கிறியாமே, தாய் என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்டதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் அங்கே கரண்ட் இல்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். தம்பி போனுக்கு வரும், அவனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து ஓடுவான், விடாதீர்கள்.

தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை பெரியப்பா. குட்டிதான் அதிகமாகிப் போகிறது. நம் பொட்டு ஆடு ஒரு குட்டி போடும், எப்போதாவது இரண்டு போட்டால் அதுவே பேச்சாக இருக்கும். இங்கே ராம்னி, டெக்சல் என்று கம்பளி ஆடுகள், இரட்டைதான் சாதாரணம், மூன்று போடுவதும் நிறைய. மொத்த நாட்டுக்கும் சராசரி எடுத்தால், பிழைத்து நிற்பதே நூறு ஆட்டுக்குச் சுமார் 130 குட்டி. சினை ஆடுகளை வரிசையாக ஓட்டி வந்து, மனுஷிக்கு எடுப்பதுபோலவே ஸ்கேன் எடுத்து, உள்ளே எத்தனை என்று பார்த்து முதுகில் கலர் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் மடியில் இருப்பது இரண்டு காம்புதானே, மூன்றாவது குட்டி இடித்துப் பிடித்து முந்தாவிட்டால் காய்ந்துபோகும்.

மற்றது குளிர். ஈற்று செப்டம்பரில், வெட்டவெளியில். நம் ஊரில் தெற்கே இருந்து காற்று வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவோம். இங்கே தெற்கே இருப்பது பனிக்கண்டம், அந்தப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடிக்கும். உலர்ந்த குளிரைக் குட்டி தாங்கிவிடும், விடியக்காலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாக இருக்கும், அதில் துள்ளிக்கொண்டு நிற்கும். நனைந்த உடம்பில் காற்று அடித்தால்தான் விறைத்துப்போகிறது. ஒரே ஆள் ஆயிரம், இரண்டாயிரம் தாயாடுகளைப் பார்க்கும் பண்ணைகள் இவை. நாலு சக்கர பைக், இரண்டு மூன்று நாய், அவ்வளவுதான் படை. (அந்த நாய்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒரு ஜாதி குரைத்தே ஓட்டும், இன்னொன்று வாயே திறக்காமல் முறைத்துப் பார்த்தே மந்தையைத் திருப்பும்.) பண்ணைக்காரருக்குப் புட்டியும் கையுமாக உட்கார ஏது நேரம்? அதனால் அனாதைக் குட்டிகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நமக்கு ஏழு வந்து சேர்ந்தன.

முதல் நாள் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சீம்பால். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் வயிற்றில் போனால்தான் முழுப் பலன், ஒரு நாள் தாண்டினால் குடல் அந்தச் சத்தை வாங்காது. நாலு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி என்று கணக்கு. ஆட்டுச் சீம்பாலுக்கு எங்கே போவது, என் வீட்டுக்காரர் தான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையிலிருந்து தூக்குவாளியில் கொண்டு வந்தார். ஒரே மாட்டுப் பால் சில குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, இரத்தம் சுண்டிவிடும் என்று பல மாட்டுச் சீம்பாலைக் கலந்து வைத்திருப்பார்கள். மிச்சத்தில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு நான் அவித்ததைப் பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

உங்களிடம் இதுவரை கேள்விப்படாத ஒன்றையும் இங்கே பார்த்தேன். விறைத்துக் கிடக்கும் குட்டியை எடுத்ததும் அடுப்புப் பக்கம் கொண்டுபோவோம் இல்லையா? இங்கே முதலில் தெர்மாமீட்டர். நல்ல குட்டிக்கு உடம்புச் சூடு 39, 40 டிகிரி இருக்கும். 37-க்குக் கீழே போய், பிறந்து ஐந்து மணி நேரமும் தாண்டியிருந்தால், முதலில் வயிற்றில் குளுக்கோஸ் ஊசி, அதன் பிறகுதான் சூடு. உடம்பில் இருக்கும் சர்க்கரையை அதற்குள் அது எரித்துத் தீர்த்திருக்கும், அந்த நிலையில் சூடு காட்டினால் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் வலிப்பு வந்து செத்துப்போகுமாம். ஊசியைப் பண்ணைக்காரர்தான் போட்டார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குட்டி இப்போது இருப்பதிலேயே பெரிய போக்கிரி.

அப்புறம் தயிர். ஆமாம் பெரியப்பா, இங்கே குட்டிக்குத் தயிர் ஊட்டுகிறார்கள்! பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரக் குட்டிக்குத் திடீரென்று வயிறு உப்பும். காலையில் முட்டி மோதிக் குடித்த குட்டி, ஒரு மணி நேரத்தில் வயிறு பறை மாதிரி ஆகி விழுந்துவிடும், வைத்தியம் பார்க்க நேரமே இருக்காது. வயிற்றுக்குள் இருக்கும் சில கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று வாயுவைக் கிளப்புவதுதான் காரணம். அதற்கு இங்குள்ள பெண்களே கைப்பழக்கமாகச் செய்யும் வழி, பாலை உறை ஊற்றிக் கொடுப்பது. தயிர்க் கிருமி அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே கொஞ்சம் தின்றுவிடுகிறது, கெட்டதுக்கு மிச்சம் குறைகிறது. பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இனிப்பில்லாத தயிரைக் கலந்து, இங்கே நிறைய வீடுகளில் வெந்நீர் டாங்கி வைக்க ஓர் அலமாரி இருக்கும், அதற்குள் ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் காலையில் கெட்டியாகத் தோய்ந்திருக்கும். அதில் மறுபடி பவுடரும் தண்ணீரும் சேர்த்து அடித்துக் கொடுக்க வேண்டும். இந்தக் குளிரில் தயிர் தோய்வதற்கு நான் பட்ட பாட்டுக்கு அந்த அலமாரி ஒரு வரம், இப்போது ஒரு தட்டில் குட்டிகளுக்கு, இன்னொரு தட்டில் நமக்கு.

கன்றுக்குட்டித் தீவனம் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அவர் கேட்டார், பண்ணைக்காரர் கூடவே கூடாது என்றார். அதில் தாமிரச் சத்து அதிகம், மாடு தாங்கும், செம்மறி தாங்காது, ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் கொன்றுவிடும். நம் ஊரிலும் கடைத் தீவனம் வாங்குகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

நீங்கள் எப்போதும் "நாலாம் நாளே வெளியே விடு, வெயில் பட்டால்தான் கால் ஊன்றும்" என்பீர்கள். நம் ஊர்க் கிடையில் கொடாப்புக் கூடைக்குள் குட்டிகளை அடைத்து வைப்போம், சாயங்காலம் தாய்கள் கத்திக்கொண்டே வரும், திறந்துவிட்டால் அததற்குத் தன் தாய் தெரியும், மறுநாள் அதன் பின்னாலேயே போய்ப் புல்லைக் கடிக்கப் பழகும். இங்கே இதுகளுக்குச் சாயங்காலம் வருவது நான்தான். என் பின்னால் வந்தால் அடுப்படிக்குத்தான் வரும். பால் கொடுத்து உயிர் காப்பாற்றுவதில் பாதி வேலை கூட முடியவில்லை, அப்புறம்தான் அதை ஆடாக்க வேண்டியிருக்கிறது. இதை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை.

படிப்படியாகத்தான் விட்டோம். முதலில் ஷெட்டில் வைக்கோல் படுக்கை, ஒரு வாரம் போனதும் வெயில் அடிக்கிற மத்தியானங்களில் மட்டும் வீட்டு முன்னால், அதன் பிறகு பகல் முழுக்க வெளியே, ராத்திரி உள்ளே. கம்பளிச் சட்டை ஒன்று விற்கிறார்கள், நாலு காலுக்கும் ஓட்டை, ஈரத்துக்கு நல்லது, ஆனால் குட்டி வாரத்துக்கு வாரம் வளர்வதால் அக்குளில் இறுகிவிடும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாலுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். நீங்கள் திட்டுவீர்கள், நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் இந்தக் கம்பளி ஆட்டுக்கு வால் நீளம், கழிச்சல் அதில் அப்பி, கோடையில் ஈ முட்டையிட்டு, புழு உயிரோடு தின்னும். துள்ளுமாரி நோய்க்கும் இசிவு நோய்க்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது, அதையும் போட்டாயிற்று.

நரி இல்லை, பாம்பு இல்லை, இந்த நாட்டிலேயே கிடையாது. அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கடற்பறவை ஒன்று, கறுப்பு முதுகோடு, சின்னக் குட்டி படுத்துக் கிடந்தால் கண்ணைக் கொத்தும். அதைவிட மோசம் நம் வாசலில் பூத்துக் குலுங்கும் ரோடோடெண்ட்ரான் செடி. அரளிக்குச் சமம், நாலு இலை தின்றாலும் ஆடு பச்சையாகக் கக்கிச் சாகும். அவர் கம்பி வலை சுற்றினார். நம் ஊர் ஆடுகளுக்கு எதைத் தொடக்கூடாதென்று தாய் காட்டிக் கொடுக்கும், இதுகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும், மகள் கயலின் பள்ளிக்கூட ஷூ லேஸ் உட்பட.

முழுசாக வெளியே விட்ட அன்று மேய்ச்சல் வெளியில் புல் முழங்கால் உயரம், ஒன்று கூடக் குனியவில்லை. ஏழும் கேட்டை ஒட்டி வரிசையாக நின்று வீட்டைப் பார்த்துக் கத்தின. மழை பிடித்தது. பத்தடி தள்ளி மறைவாக அடர்ந்த மரவேலி இருக்கிறது, காற்றே படாது, அங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை, கேட்டில் நனைந்துகொண்டு நின்றன. தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டால் நான் திரும்புவதற்குள் என் முன்னால் வந்து நிற்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் சிரித்துவிட்டு, பல் தேய்ந்த கிழட்டுத் தாயாடு ஒன்றை டிரெய்லரில் கொண்டு வந்து இறக்கினார். பால் கிடையாது, பாசமும் கிடையாது, கிட்டே போன குட்டியை முட்டித் தள்ளியது. ஆனால் மழை வந்தால் தன்பாட்டில் மரவேலி மறைவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் இரண்டு மழைக்கு இதுகள் கேட்டை விட்டு அசையவில்லை. அடுத்த மழையில் அந்தப் போக்கிரி கிழவியைப் பார்த்தது, வீட்டைப் பார்த்தது, ஒரு கத்து கத்திவிட்டுக் கிழவி பக்கம் ஓடியது. மற்ற ஆறும் பின்னால். அன்று நான் ஜன்னலில் நின்று கைதட்டினேன், அவர் வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுந்து வந்து திட்டினார். புல் கடிக்கவும் அந்தக் கிழவியைப் பார்த்துத்தான் பழகின.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பருவத்தில் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த குட்டியைக் கொண்டு வரும் நாள் ஒன்று வரும். கயிற்றில் ஒழுங்காகக் கூட நடக்கிறதா, தூரத்தில் நின்று கூப்பிட்டால் வருகிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். கயல் "வா வா வா" என்று தமிழில் கூப்பிட்டாள், குட்டி நேரே வந்தது, கூட்டத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் "வா வா" என்று கத்த ஆரம்பித்ததும் அது குழம்பிப்போய் நடுவராக இருந்த அம்மாவின் காலடியில் போய் நின்றுவிட்டது. மூன்றாம் பரிசு.

இப்போது பாலை நிறுத்திவிட்டோம். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை வந்து, நாளுக்குக் கால் கிலோ தீவனம் தானாகத் தின்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரு குட்டிக்கு எட்டுப் பத்துக் கிலோ பவுடர் போகிறது, கணக்குப் பார்த்தால் லாபம் பெரிதாக இல்லை. 1982-இல் இந்த நாட்டில் ஏழு கோடி ஆடு இருந்ததாம், இப்போது இரண்டரைக் கோடிக்கும் கீழே. கம்பளி விலை ஆட்டின் முடி வெட்டுகிறவர் கூலிக்கே பத்தாத வருஷங்கள் உண்டு. அவர் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையும் முன்பு ஆட்டுப் பண்ணையாக இருந்ததுதான், ஆடு போனதால்தான் நமக்கு இங்கே சோறு.

கிடாக் குட்டிகளுக்குக் காயடித்தாயிற்று. கையில் வளர்ந்த கிடாவுக்கு மனுஷன் மேல் பயமே இருக்காது, பெரிசானால் ஆளையே முட்டி எலும்பை உடைக்கும். அதுகள் கோடை முடிவில் பண்ணைக்காரரோடு போகும், பெட்டைகளை மட்டும் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. கயலின் குட்டி கிடா. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் போனில் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு சந்தேகம். பால் மறந்த பிறகு ஒரு பெட்டைக்குட்டி மற்றதுகளின் காதைச் சப்பிச் சப்பிப் புண்ணாக்குகிறது. தனியாகக் கட்டினால் கத்தி ஊரைக் கூட்டுகிறது. வேப்பெண்ணெய் தடவினால் விடுமா? இன்வர்கார்கில் இந்தியக் கடையில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லி ஒரு வார்த்தை அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. சின்னவன் பரீட்சை எழுதினானா?

இப்படிக்கு,
உங்கள் மகள்
செல்வி