எக்ஸ்ரே ஃபிலிமில் கீறல், வெடிப்பு, வெண்படலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எக்ஸ்ரே ஃபிலிமில் யானைமலையைப் படம் எடுத்துக் கழுவி நீ அனுப்பிய மூன்று ஷீட்டும் கைக்கு வந்தன. யானைமலையின் முதுகு அவ்வளவு நுணுக்கமாக விழுந்திருக்கிறது. மேலே வானம் பாழானதுதான் மனதை உறுத்துகிறது. டெவலப்பரை, அதாவது படத்தைத் தெரியவைக்கும் கரைசலை, மாற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்ளே. லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம் என்ற உன் டி-23 டெவலப்பர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கோளாறெல்லாம் சூட்டிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

முதல் ஷீட்டை ட்யூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கம் மட்டும் ஒரே இடைவெளியில் கோடுகள் தெரிகின்றன. ட்ரே அடியிலுள்ள வரிகள் உரசிய தடம் அது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சு, ஈரத்தில் ஊறினால் வெண்ணெய் மாதிரி. ஓரம் மழுக்கிய கண்ணாடியை ட்ரேயில் போட்டு, அதன்மேல் ஒரு நேரத்துக்கு ஒரு ஷீட் மட்டும் போடு. இடுக்கி ஆகாது. கையுறை விரலால் ஓரத்தை மட்டும் தொடு.

இரண்டாவது ஷீட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வற்றிய கண்மாய்த் தரை போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஐஸ் வைத்து டெவலப்பரை 20 டிகிரிக்கு இறக்கிய நீ, கழுவியது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில். அக்னி நட்சத்திர வெயிலில் அது 35-ஐத் தொடும். திடீர்ச் சூட்டில் ஜெலட்டின் உப்பிச் சுருங்கிவிடுகிறது. டெவலப்பர் முதல் கடைசிக் கழுவல் வரை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

20-ல் எல்லாவற்றையும் நிறுத்த முடியாவிட்டால் எல்லாவற்றையும் 27-ல் வை, டெவலப் நேரத்தைக் குறைத்துச் சோதித்துக்கொள். லிட்டர் டெவலப்பருக்கு நீரற்ற சோடியம் சல்ஃபேட் 45 கிராம் சேர்த்தால் ஜெலட்டின் உப்பாது. சாயப்பொருள் கடையில் கிளாபர் சால்ட் என்று கேள். பொடியாக இல்லாமல் படிகமாகக் கொடுத்தால் 100 கிராம் போடு. சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு, பொட்டலத்தில் பெரிதாக எழுதி வை. டெவலப் முடிந்ததும், ஜெலட்டினை இறுக்க, லிட்டருக்குக் குரோம் ஆலம் 30 கிராம், அதே நீரற்ற சல்ஃபேட் 60 கிராம் கரைத்த தொட்டியில் மூன்று நிமிடம். முதல் 45 விநாடி விடாமல் ஆட்டு, இல்லையென்றால் திட்டுத் திட்டாகும். ஊதாக் கரைசல் பச்சையாகிவிட்டால் இறுக்கும் சக்தி போய்விட்டது, புதிதாகக் கலக்கு. பழையதைக் கிணற்றோரம் கொட்டிவிடாதே.

மூன்றாவதன் வெண்படலத்தில், ஓரமாக, வினிகர் தொட்ட பஞ்சை வைத்தேன். கரைந்து தெளிந்தது. போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியம், கரைசலின் சல்ஃபைட்டோடு சேர்ந்து படிந்த சுண்ணாம்பு அது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் ஷீட்டை முக்கிக் கழுவு, போய்விடும். இனிமேல் மருந்துகளைக் கேன் தண்ணீரில் கலக்கு. வினிகருக்கும் அசையாத படலம் வந்தால் ஃபிக்ஸரில், அதாவது படத்தை நிலைநிறுத்தும் கரைசலில், படிகாரக் கசடு என்று அர்த்தம், ஆசிட் போதவில்லை. ஃபிக்ஸர் கலக்க லிட்டருக்கு ஹைப்போ 240 கிராம், சல்ஃபைட் 15 கிராம், கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 13 மில்லி, போரிக் ஆசிட் 7.5 கிராம், படிகாரம் 15 கிராம், இதே வரிசையில், ஒன்று முழுக்கக் கரைந்த பிறகு அடுத்தது. சல்ஃபைட்டுக்கு முன்னால் ஆசிட் விழுந்தால் கந்தகம் பிரிந்து பால் மாதிரி ஆகிவிடும்.

காயவைக்கும்போது மின்விசிறி வேண்டாம், தூசி ஒட்டும். ஒரு மூலையில் கிளிப் மாட்டித் தொங்கவிடு, துடைக்காதே. அடுத்த ஷீட்டைக் கழுவிய தண்ணீரின் சூட்டையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
சேது