இப்பருவத்தின் வலசைப் பதிவுகளுக்கு உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆவணிப் பிற்பாதியில் தொடங்கி ஐப்பசி மழை உப்பளப் பாத்திகளை நிரப்பியது வரை, கோடியக்கரையிலும் வேதாரண்யம் சதுப்பு நிலத்திலும் கண்ட அரிய பறவைகளைப் பற்றி அன்றன்றே எனக்குத் தெரிவித்த உங்கள் அனைவருக்கும், பதிவுகளைத் தொகுத்து முடித்த கையோடு இம்மடலை எழுதுகிறேன். 2002ஆம் ஆண்டிலேயே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்த நிலம் 38,500 ஹெக்டேர் பரப்புடையது. ஒருவர் கண்ணுக்கு அடங்குவதன்று. நீர் ஒரு சாண் உயர்ந்தாலும், சேற்றில் இரை தேடும் குட்டைக்கால் உள்ளான் பறவைகள் இடம் மாறிவிடும் என்பதால், நேற்றைய செய்தி இன்றைக்குப் பயன்படாமல் போவதும் உண்டு.

முதல் நன்றி உப்பளத்தில் வேலை செய்யும் நண்பருக்கு உரியது. இருநோக்கி ஏதுமின்றி, வரப்பில் நின்றபடியே, கருவால் மூக்கன் என்னும் நீண்ட அலகுடைய நீர்ப்பறவை ஒன்றின் காலில் ஏதோ துண்டு ஒட்டியிருப்பதாக அவர் சொன்னார். அது ஆய்வாளர்கள் பூட்டிய கொடி. அதன் நிறத்தையும் எழுத்துகளையும் கொண்டு, அப்பறவையை எங்கே பிடித்துக் கொடியிட்டுப் பறக்கவிட்டார்கள் என்று அறியலாம். மறுநாள் தொலைநோக்கியுடன் சென்ற இருவர் நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருந்தும் ஓர் எழுத்தை மட்டுமே படிக்க முடிந்தது. மற்றதை ஊகித்து நிரப்பாமல், படித்தது இவ்வளவுதான் என்று எழுதித் தந்த அவர்களின் நேர்மைக்கும் நன்றி.

புரட்டாசியில் ஒருநாள் மாலை, கரண்டிமூக்கு உள்ளான் என்ற குறிப்புடன் ஒரு படம் வந்தது. ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுகோத்காப் பகுதியில் கூடு கட்டும் அப்பறவை, உலகில் சில நூறே எஞ்சியிருப்பதாகக் கருதப்படுவது. கோடியக்கரையில் முன்பு பதிவானதும் கூட. அன்றிரவு எங்களில் பலருக்கு உறக்கமில்லை. ஆனால் படமெடுத்தவரே, அடுத்தடுத்து எடுத்த மற்றப் படங்களை விடிய விடியப் பெரிதாக்கிப் பார்த்து, அது இங்கே சாதாரணமாக வரும் கொசு உள்ளான்தான் என்றும், அலகு நுனியில் அப்பிய சேறே கரண்டிபோல் தோற்றம் காட்டியது என்றும் காலையில் எழுதிவிட்டார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிழை பட்டியலில் ஏறியிருக்கும். அந்தப் படத்தை நம்பியவர்களில் நானும் ஒருவன். இப்பருவத்தில் எனக்கு வந்த செய்திகளுள் நான் மிகவும் மதிப்பது அந்தத் திருத்தத்தைத்தான்.

புல்வெளியில் ஒரு குட்டைக்காது ஆந்தை இறங்கியதைக் கண்ட அம்மையார், இடத்தை என்னிடம் மட்டும் சொல்லி, அது கிளம்பிச் சென்ற பிறகே மற்றவர்களுக்கு அறிவித்தார். இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவேன். எனினும் நெடுந்தொலைவு பறந்து களைத்து வந்த பறவையைப் படத்துக்காக மீண்டும் மீண்டும் எழுப்பிவிடுவதைப் பலமுறை கண்டவன் என்ற முறையில், அவர் செய்தது சரியென்றே கருதுகிறேன்.

உள்ளான்களில் முதிர்ந்தவை முன்னே வர, அவ்வாண்டுக் குஞ்சுகள் பெற்றோர் துணையின்றிப் பின்னே வருவதால், இரண்டையும் தனித்தனியே எண்ணித் தந்த கல்லூரி மாணவியர் இருவருக்கும், வழிகாட்டிய வனக் காவலர்களுக்கும், எதுவும் காணாத நாள்களிலும் அதையே ஒரு பதிவாகத் தவறாமல் எழுதி அனுப்பியவர்களுக்கும் என் வணக்கம்.

கொடியிட்ட அந்த மூக்கன் பங்குனி வரை இப்பகுதியிலேயே தங்கக்கூடும். வலது காலில், முழங்காலுக்கு மேலே கொடி இருக்கிறது. எஞ்சிய எழுத்துகள் எவர் கண்ணிலாவது பட்டால், நள்ளிரவாயினும் அழைத்துச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பதிவுகளைத் தொகுத்தவன்,
வேதாரண்யம்.