எட்டாம் நிலைக்கு ஏன் க்வின்வொர் எவன்ஸ்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அப்பா வாசலில் என்னை நிறுத்தி, "தமிழ் வகுப்புல எதுக்கு டீச்சர் ஒரு வெல்ஷ் அரசியல்வாதி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மழையில் குடையோடு நின்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எட்டாம் நிலைப் பிள்ளைகள் பேச நான் தேர்ந்தெடுத்த அந்த அரசியல்வாதியின் பெயர் க்வின்வொர் எவன்ஸ். 1912இல் இங்கே வேல்ஸில், பேரியில் பிறந்தார். வெயில் அடித்தால் நாம் பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கிளம்புகிறோமே, அதே பேரிதான். அப்பா அங்கே பெரிய கடை வைத்திருந்தார். வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ் அவருக்குத் தாலாட்டோடு வந்த மொழி இல்லை. பதின்வயதில் தொடங்கிப் படித்துப் படித்துத் தன் மொழியாக்கிக்கொண்டார். பிற்பாடு தன் ஏழு பிள்ளைகளையும் அதிலேயே வளர்த்தார். நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் முதல் காரணம். "எங்க வீட்ல இங்கிலீஷ்தான் டீச்சர், இனிமே எங்க வரப்போகுது" என்று என்னிடம் சொல்லாத பெற்றோர் குறைவு.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர், லங்கடோக் கிராமத்தில் கண்ணாடிக் குடில் போட்டுத் தக்காளி விளைவித்தார். (அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்து நம் ழகரம் மாதிரி, வெளியூர்க்காரர் நாக்குக்கு எளிதில் வராது.) போரை ஏற்காதவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தார். 1945 முதல் 1981 வரை வேல்ஸின் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்குத் தலைவர். அதில் முதல் இருபது வருடமும் நாடாளுமன்றத் தேர்தல்களில் தோல்வி, தோல்வி, தோல்வி.

அபரிஸ்ட்வித் போகும் வழியில் லான்ரிஸ்டிட் பக்கம் ஓர் இடிந்த சுவரில் சிவப்பு வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். 'கோவியுக் டிரவெரின்', அதாவது டிரவெரினை மறவாதீர். லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக டிரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் ஊரை 1965இல் பள்ளிக்கூடத்தோடும் தேவாலயத்தோடும் மூழ்கடித்தார்கள். அதைத் தடுக்க ஊர்மக்களோடு லிவர்பூல் தெருக்களில் நடந்தவர்களில் க்வின்வொரும் ஒருவர். ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வேடிக்கை: அந்தச் சுவரில் முதலில் எழுதியவர் டிரவெரின் என்ற பெயரின் முதல் எழுத்தை T ஆகவே விட்டுவிட்டார், அந்த இடத்தில் வெல்ஷ் இலக்கணப்படி அது மெலிந்து D ஆக வேண்டும். நம் ஊர்ச் சுவரில் ஒற்றுப்பிழை மாதிரி! அப்புறம்தான் திருத்தினார்கள். புணர்ச்சி விதி நமக்கு மட்டும்தான் தலைவலி என்று புலம்பும் எட்டாம் நிலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன், கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

1966 ஜூலை 14 அன்று கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று, அந்தக் கட்சியின் முதல் எம்.பி. ஆனார். வெல்ஷில் உறுதிமொழி எடுக்கக் கேட்டார், அனுமதிக்கவில்லை. 1970இல் தோற்றார். 1974 பிப்ரவரியில் மூன்றே வாக்கில் தோற்றார். வென்றவர் பெயர் க்வினொரோ ஜோன்ஸ். பெயர் குழப்பத்தில் போன வாக்கோ என்று ஒரு மாணவன் கேட்டான்! அதே அக்டோபரில் மறுபடி வென்று, 1979இல் மறுபடி தோற்றார்.

அவர் செய்ததில் பெரியது அதற்குப் பிறகுதான். வெல்ஷுக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. 1980 மே மாதம் க்வின்வொர் அறிவித்தார்: சொன்னபடி தராவிட்டால் அக்டோபரில் சாகும்வரை உண்ணாவிரதம். இவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் தாட்சர் அரசு இறங்கிவந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடாமல் வென்ற உண்ணாவிரதம்! 1982 நவம்பர் 1 அன்று எஸ்ஃபோர்சி (S4C) என்ற அந்த வெல்ஷ் தொலைக்காட்சி தொடங்கியது. உங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஃபயர்மேன் சாம் தொடர் 1987இல் 'சாம் டான்' என்று முதலில் வந்தது அதில்தான்.

டிவி வந்ததும் மொழி பிழைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடுதான். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் மொழியில் கார்ட்டூன் வேண்டும் என்பதற்காக 68 வயதில் உயிரைப் பணயம் வைத்த மனிதர் நம் பக்கத்து ஊரில் பிறந்தவர். அவரைப் பற்றித் தமிழில் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது. பொங்கலைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் திறப்பதில்லை.

சரி, இனி வேலை. அடுத்த சனிக்கிழமை எட்டாம் நிலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் ஒருமுறை தமிழிலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள், நடுவில் திருத்தாமல். போன ஆண்டு விழா அழைப்பை நானே ஆங்கிலத்தில் அனுப்பியதை யாரோ வாட்ஸ்அப்பில் சுட்டிக்காட்டினீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இந்த வருட அழைப்பு தமிழில் வரும்.

பத்து மணிக்குத் தொடக்கம். பின்பக்கம் கார் நிறுத்த இடமில்லை, அங்கே வேலை நடக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்