தலைப்பில் ஒப்பந்ததாரர், உள்ளே ஊழியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

தனித்தொழில் செய்வோரின் வரி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஒப்பந்தத்தில் ‘சுயதொழில் செய்பவர்’ என்று இருந்தால் கவலையில்லை என்கிறது. அதை நம்பிக் கெட்டவன் நான்.

இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் தொழில். ஒரு நிறுவனத்துடன் போட்ட 14 பக்க ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ‘இது பணி நியமனம் அல்ல’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஏழாவது பிரிவில், என்னால் இயலாதபோது தகுதியுள்ள வேறொருவரை அனுப்பலாம் என்றும் இருந்தது. ஊழியர் தானே வந்து வேலை செய்ய வேண்டும்; ஆளை அனுப்ப முடிவது சுயதொழிலுக்கு ஓர் அடையாளம். ஆனால் அந்தப் பிரிவின் வாலில் ‘நிறுவனம் ஒப்புக்கொண்டால்’ என்று இரண்டே சொற்கள். கவனிக்காமல் கையெழுத்திட்டேன்.

காய்ச்சலில் படுத்தபோது நண்பரை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், விடுப்புக் கடிதம் அனுப்புங்கள்" என்றார் மேலாளர். அனுப்பினேன். (விடுப்புக்குப் பணம் கிடையாது, அது வேறு கதை.) பிறகு வரித்துறை விளக்கம் கேட்டபோது, என் கணக்காளர் அந்தக் கடிதத்தை மேசைமேல் போட்டு, "இதை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது?" என்றார். தொழில் செலவு என்று நான் கழித்தவை எதுவும் ஏற்கப்படவில்லை. நான் வாங்கிய கணினி வீட்டில் தூசி படிந்து கிடக்க, அவர்கள் தந்த மடிக்கணினியில், அவர்கள் சொன்ன நேரத்தில்தானே வேலை செய்தேன்!

1967இல் பிரிட்டனில் ஒரு வழக்கு. கான்கிரீட் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் நிறுவனத்தின் சீருடை அணிந்தார்; லாரிக்கு நிறுவனத்தின் நிறம் பூசினார். ஆனால் லாரி அவர் தவணையில் வாங்கியது. பழுதுச் செலவும் லாப நட்டமும் அவருடையவை. அவர் ஊழியர் அல்லர் என்றது நீதிமன்றம். 2011இல் அதே நாட்டில், கார் துடைக்கும் 20 பேர் குறைந்தபட்ச ஊதியமும் விடுப்பும் கேட்ட வழக்கில் தீர்ப்பு நேரெதிர். மாற்று ஆள் அனுப்பலாம் என்று தாளில் இருந்தது. நடைமுறையில் அப்படி இல்லை. நடைமுறையையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டுமே வரி வழக்குகள் அல்ல. ஆனாலும் என் கணக்காளர் முதலில் எடுத்துக் காட்டியது பின்னதைத்தான்.

இப்போது வேறொரு நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதிலும் அதே இரண்டு சொற்கள். அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பத்து நாளாகிறது, பதில் இல்லை.

இப்படிக்கு,
கையேடு எழுதும் வாசகர் ஒருவர்